புது ஆசிரியருக்குச் சங்கம் எதற்கு? – ஒரு வரலாற்றுப் பார்வை

பிள்ளைப்பாக்கம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது சிப்காட்தான். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை வரிசையில் அதுவும் ஒன்று. காலையில் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் அதே சாலையில்தான் இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்களும் ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்குகிறார்கள். இரண்டு கூட்டமும் மாதச் சம்பளக்காரர்கள். ஆனால் "சங்கம்" என்ற ஒரு சொல் இந்த இரண்டு பேருக்கும் வேறு வேறு அர்த்தம் தருகிறது!

பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் சுங்குவார்சத்திரம். அங்கே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாட்கள். சம்பளக் கோரிக்கையும் இருந்தது என்றாலும் முதல் கோரிக்கை "எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள்" என்பதுதான். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரலாமா கூடாதா என்பதே பெரிய வழக்காகி, தொழிலாளர் துறை, உயர் நீதிமன்றம் என்று சுற்றி, கடைசியில் 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவு கிடைத்தது. ஒரு பெயர்ப்பலகைக்கு இத்தனை பாடு.

சங்கமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே சாலை பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரிடம் போய்க் கேட்பது, யார் பதில் சொல்வது என்று தெரியாத அந்தப் பெண்கள் நேராக நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

இப்போது ஆசிரியரைப் பாருங்கள். பணியில் சேர்ந்த முதல் மாதமே ஒன்றுக்கு இரண்டு சங்கத்துக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறார்கள். பக்கத்து ஆலைக்காரன் 37 நாள் சம்பளத்தை இழந்து கேட்டது இவருக்கு வாசலிலேயே கிடைக்கிறது. புது ஆசிரியரின் பதில் பெரும்பாலும் "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார்" என்பதுதான். அல்லது தொந்தரவு விட்டால் போதும் என்று சந்தாவைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். இந்த "அப்புறம்" எவ்வளவு செலவு வைத்திருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு ஆசிரியர் வரலாற்றில் தேதியோடும் ரூபாயோடும் காட்டலாம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சென்னை மாகாணத்தில் ஆசிரியர் சங்கம் என்பது நேற்று முளைத்தது இல்லை. தென்னிந்திய ஆசிரியர் சங்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. ஆசிரியர்களே பணம் போட்டுப் பாதுகாப்பு நிதி நடத்தினார்கள். 1955-ல் காமராஜர் ஆட்சியில் ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. அதைக் காமராஜரின் கருணை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதற்கு முன் பல ஆண்டுகள் மாநாடு மாநாடாகத் தீர்மானம் போட்டவர்களை யாரும் நினைப்பதில்லை.

அடுத்தது கிராமத்து ஆசிரியர். ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபின் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. பள்ளியில் வேலை செய்தாலும் அவர் அரசு ஊழியர் இல்லை, ஒன்றியத்தின் ஊழியர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981 ஜூன் 1 முதல்தான் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். பிறகு 1985-லும் 1988-லும் பெரிய போராட்டங்கள், சிறை. மத்திய அரசுக்கு இணையான ஊதியம் 1988 ஜூன் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்து 1989-ல் கிடைத்தது. இன்று வாங்கும் சம்பளத்தின் அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது.

இதுவரை ஏறுமுகம். இனி 2003.

2001-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, கஜானா காலி என்ற காரணத்தைச் சொல்லி ஊழியர்களின் பல சலுகைகளையும் ஓய்வூதியப் பலன்களையும் வெட்டியது. 2002-ல் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஆசிரியர் சங்கங்களும் அரசு ஊழியர் சங்கங்களும் ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்து 2003 ஜூலை 2 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. தொடங்குவதற்கு முன்பே இரவோடு இரவாகக் கைதுகள் நடந்தன. ஜூலை 4-ல் ஒரு அவசரச் சட்டம் வந்தது. அதன்படி வேலைநிறுத்தம் செய்தவரை விசாரணை எதுவும் இல்லாமல் நேராக வேலையை விட்டு நீக்கலாம். சில நாட்களுக்குள் ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் நீக்கப்பட்டார்கள். உலகத்தில் வேறு எந்த அரசாவது இத்தனை பேரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான்!

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கைதான சுமார் 2,200 பேரையும் வழக்குப் பதிவானவர்களையும் தவிர மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு நிபந்தனை: நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், நடத்தை விதி 22-ஐ மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். பாடம் நடத்திய கைகள் வரிசையில் நின்று மன்னிப்பு எழுதின. 2003 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது தீர்ப்பு. (தார்மீகம் எப்படி நீதிமன்றத்தின் வேலையானது என்று அப்போதே பல சட்ட அறிஞர்கள் கேட்டார்கள்.)

இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். அதே ஆகஸ்ட் 6 தேதியிட்டு இன்னொரு காகிதமும் வெளிவந்தது. அது தமிழக நிதித்துறையின் அரசாணை 259. 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்றது அந்த ஆணை. இதுதான் இன்றுவரை சி.பி.எஸ். என்று பேசப்படுவது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவமானப்பட்டார்கள், சம்பளம் இழந்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். ஆனால் அவர்களின் ஓய்வூதியம் தப்பித்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி எல்லாத் தொகுதிகளிலும் தோற்றபின் அவர்கள் மேல் இருந்த நடவடிக்கைகளும் திரும்பப் பெறப்பட்டன. ஓய்வூதியத்தை இழந்தவர் யார்? வேலைநிறுத்தமே செய்யாதவர். அப்போது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருந்தவர். கோஷம் போடவும் இல்லை, மன்னிப்பு எழுதவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை.

ஓய்வூதிய மாற்றம் தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசே 2004 ஜனவரி 1 முதல் புதிய திட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் எல்லா இடத்திலும் கோடு போட்ட விதம் ஒன்றுதான்: "உள்ளே இருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை, இனி வருபவர்களுக்கு மட்டும்." வணிகவியல் பாடத்தில் இடரை மாற்றுவது என்று படிப்பார்கள். பழைய திட்டத்தில் ஓய்வுக்குப் பிறகு எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்தச் செலவு அரசின் இடர். சி.பி.எஸ்.-ல் ஊழியர் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் போடுகிறார், அரசு அதே அளவு போடுகிறது. பிறகு சேர்ந்த தொகைதான் கணக்கு. தமிழ்நாடு இந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய ஆணையத்திடமும் கொடுக்காமல் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டதால், ஓய்வு பெற்றவருக்கு ஒரு மொத்தத் தொகை வந்தது. மாதாமாதம் ஓய்வூதியம் வரவில்லை. நீண்ட நாள் வாழ்வது என்ற "இடர்" ஆசிரியரின் தோளுக்கு மாறிவிட்டது.

இது ஒரு முறை நடந்தது என்றால் விதி என்று விட்டுவிடலாம். அந்த ஆண்டுகளிலேயே புதிதாக எடுக்கப்பட்ட ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம் என்று ஒன்று வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுநிலை ஆசிரியருக்கு 4,500. படி கிடையாது, ஆண்டு உயர்வு கிடையாது. பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை அதே மணியில் நடத்தும் மூத்தவர் முழுச் சம்பளம் வாங்கினார். 2006 ஜூன் 1 முதல்தான் இவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். ஆனால் தொகுப்பூதியத்தில் கழிந்த ஆண்டுகள் போனது போனதுதான்.

மூன்றாவது முறை 2009. இதுதான் மிகவும் நுணுக்கமானது, இன்றுவரை எரிவதும் இதுதான். ஆறாவது ஊதியக்குழுவின்படி ஊதியம் மாற்றியபோது, ஏற்கெனவே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியரின் பழைய அடிப்படைச் சம்பளமான 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கினார்கள். 8,370 வந்தது. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்குப் பெருக்க எதுவும் இல்லை அல்லவா? அவரை ஊதிய விகிதத்தின் அடிமட்டமான 5,200-ல் வைத்தார்கள். தர ஊதியம் 2,800 இருவருக்கும் ஒன்றே. ஆக மே 31 அன்று சேர்ந்தவருக்கும் ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கும் அடிப்படையில் 3,170 ரூபாய் வித்தியாசம்! ஒரே தகுதி, ஒரே வேலை, ஒரே சாக்பீஸ்.

3,170-தானே என்று நினைக்கக் கூடாது. அகவிலைப்படி அடிப்படையின் மேல் சதவீதமாக ஏறுவது. ஆண்டு உயர்வும் அப்படியே. அடுத்த ஊதியக்குழுவில் 2.57-ஆல் பெருக்கியபோது இடைவெளியும் சேர்ந்து பெருகியது. 8,000-ஐ (5,200 + 2,800) 2.57-ஆல் பெருக்கினால் 20,560. அதுதான் 20,600 என்ற தொடக்கச் சம்பளமானது. மூத்தவரின் 11,170-ஐ அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தால் 28,700-ஐத் தாண்டும். 3,170 ஆக இருந்தது 8,100-க்கு மேல் போய்விட்டது. தவறு ஒரு முறை நடந்தது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த இடத்தில் சங்கங்களைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய பெரிய சங்கங்கள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. மத்திய அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 9,300-ல் தொடங்கும் விகிதமும் 4,200 தர ஊதியமும் கொடுத்தது, அது எங்களுக்கும் வேண்டும் என்று எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஜூன் 1-க்கு முந்தையவர்கள். தன் பக்கத்து நாற்காலிக்காரரைவிட 3,170 குறைவு என்ற வலி அவர்கள் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாத வலி கோரிக்கைத் தாளில் பத்தாவது இடத்துக்குப் போவது மனித இயல்பு.

அதனால் இளையவர்கள் தனியாக இடைநிலைப் பதிவுமூப்பு ஆசிரியர் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்பது ஒரே கோரிக்கை. 2018-ல் இரண்டு முறை சென்னையில் உண்ணாவிரதம். 2022 டிசம்பர் கடைசியில் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் குளிரில் மறுபடியும் படுத்தார்கள், பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். 2023 புத்தாண்டு நாளில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மூவர் குழு அமைப்பதாக அறிவித்தார். அதே ஆண்டே அவர்கள் திரும்பவும் போராட வேண்டியிருந்தது என்பது குழு என்ற சொல்லின் வேகத்தைக் காட்டும்.

அவர்களின் பிடிவாதம் பாராட்டுக்குரியது. ஆனால் 2009-ல் கணக்குப் போடும்போதே அந்த மேசையில் ஒரு இளையவர் இருந்திருந்தால் இத்தனை உண்ணாவிரதம் தேவைப்பட்டிருக்குமா? ஆணை வந்தபின் அதை உடைப்பது பத்து மடங்கு வேலை. வரைவாக இருக்கும்போது ஒரு வரியைத் திருத்துவது எவ்வளவோ சுலபம். அந்த வரைவைப் பார்க்கும் இடம் பெரும்பாலும் சங்கத்தின் மாநிலச் செயற்குழு. அங்கே போகும் வழி வட்டாரக் கூட்டத்தில் தொடங்குகிறது. சந்தா ரசீது மட்டும் வைத்திருப்பவர் அங்கே போய்ச் சேருவதில்லை.

சங்கத்துக்கு வராதவர்கள் சொல்லும் காரணங்களும் சும்மா இல்லை. ஒன்று பயம். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் கைதும் பணியிடை நீக்கமும் நடந்தன. அந்த நடவடிக்கைகளை அரசு ரத்து செய்வதாக அறிவித்தது 2021 பிப்ரவரியில்தான். இரண்டு வருடம் தலைக்கு மேல் கத்தி. புதிதாகக் கல்யாணமாகி வீட்டுக்கடன் வாங்கிய ஒருவர் யோசிப்பதில் தப்பில்லை. ஆனால் சங்கத்தில் இருப்பது என்றால் எப்போதும் வேலைநிறுத்தம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நாட்கள் மனு, கூட்டம், அரசாணை படிப்பது, ஊதிய நிர்ணயத்தில் தப்பு இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்பது, இவ்வளவுதான்.

இன்னொன்று எண்ணிக்கை. இடைநிலை ஆசிரியருக்கு ஒன்று, பட்டதாரிக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று, அதிலும் பிரிந்தது, மறுபடி பிரிந்தது என்று தமிழ்நாட்டில் ஆசிரியர் சங்கங்களை எண்ணுவதற்கே ஒரு குழு போட வேண்டும்! "எதில் சேருவது?" என்று புதியவர் திகைப்பது நியாயம்தான். சில சங்கத்துக்காரர்களின் முக்கியத் தொழில் இடமாறுதல் வாங்கித் தருவது என்ற புகாரும் பொய்யில்லை. இதற்கெல்லாம் வெளியே நின்று முகம் சுளிப்பவரால் எதையும் மாற்ற முடியாது. வரவு செலவுக் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லும் ஒரு உறுப்பினர் ஒரு வட்டாரக் கிளையையே நிமிர்த்திவிடுவார்.

ஆசிரியருக்குச் சங்கத்தை விட்டால் வேறு வழி குறைவு என்பதும் ஒரு சட்ட உண்மை. சாம்சங் தொழிலாளி தொழிலாளர் துறைக்குப் போக முடிந்தது. ஆசிரியர் போக முடியாது. கோவாவில் வேலை இழந்த சுந்தராம்பாள் என்ற பள்ளி ஆசிரியையின் வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் "தொழிலாளி" ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. கற்பிப்பது உன்னதப் பணி, அதை மற்ற வேலைகளோடு சேர்க்க முடியாது என்பது காரணம். உன்னதம் என்று சொல்லியே உரிமையை எடுத்துக்கொள்வது நம் ஊரில் புதிதில்லை. இந்தத் தீர்ப்பு மிகவும் வலிப்பது இதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புற்றீசல் போல வந்திருக்கும் தனியார் பள்ளிகளின் ஆசிரியைகளுக்கு. அவர்களுக்குப் பெரும்பாலும் சங்கமும் இல்லை, தொழிலாளர் துறையும் இல்லை.

வெளிநாட்டில் ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஆசிரியர் வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லாது. சங்கங்களும் பலவீனம். 2018 பிப்ரவரி 22 அன்று சுமார் 20 ஆயிரம் ஆசிரியர்கள் மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் வெளியே வந்தார்கள். நடுவில் தலைவர்கள் கவர்னரோடு ஒப்பந்தம் பேசிவிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னபோது, சாதாரண உறுப்பினர்கள் சட்டம் நிறைவேறும் வரை திரும்பவில்லை. மார்ச் முதல் வாரத்தில் 5 சதவீத உயர்வு சட்டமானது. ஆசிரியருக்கு மட்டுமல்ல, மாநில ஊழியர் எல்லோருக்கும். தலைவர்களை விட்டுவிட்டு உறுப்பினர்கள் மட்டும் ஜெயித்தார்கள் என்று இதைச் சொல்வது மிகை. உறுப்பினர்கள் விழித்திருந்ததால் தலைவர்கள் பாதியில் எழுந்து போக முடியவில்லை என்பதே சரி.

தமிழ்நாட்டில் கடைசியாக நடந்தவற்றையும் பார்க்கலாம். 2023 டிசம்பர் 21 அன்று வந்த அரசாணை 243, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பணிமூப்பை ஒன்றிய அளவில் இருந்து மாநில அளவுக்கு மாற்றியது. அதுவரை ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்தில் சேர்ந்தவர் அந்த ஒன்றியத்திலேயே வரிசையில் நின்று பதவி உயர்வு பெறலாம். இப்போது வரிசை மாநிலம் முழுவதற்கும் ஒன்று. டிட்டோஜாக் கூட்டமைப்பு எதிர்த்து 2024-ல் போராடியது, வேறு சில சங்கங்கள் ஆதரித்தன. இதில் முப்பது வயது ஆசிரியைக்கு எது நல்லது, ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு எது நல்லது என்பது ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இருபத்தைந்து ஆண்டு பணி பாக்கி இருப்பவர்தான் அந்த வரிசையில் நெடுநாள் நிற்கப் போகிறவர்.

சி.பி.எஸ். விஷயத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த பிறகு, 2026 ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று ஜாக்டோ-ஜியோ அறிவித்திருந்த நிலையில், அதற்கு மூன்று நாள் முன்பு தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தது. கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், ஊழியர் 10 சதவீதம் தொடர்ந்து செலுத்த வேண்டும் என்றது அறிவிப்பு. பழைய திட்டத்தில் அந்த 10 சதவீதப் பிடித்தம் இல்லை. அதனால் முழு வெற்றியா பாதி வெற்றியா என்ற விவாதம் உடனே தொடங்கியது. அந்த நேரத்தில் கூட்டமைப்பின் கூட்டங்களில் 2003-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் நிறைந்திருந்தது ஒரு காரணம். 2003-ல் இல்லாதவர்கள் இப்போது மூத்தவர்களாகிவிட்டார்கள்.

இந்தக் கதையில் கோடு ஒரே பக்கம்தான் விழும் என்று நினைத்தவர்களுக்கு 2025 செப்டம்பர் 1 ஒரு அதிர்ச்சி. எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருப்பவர்கள், எப்போது பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேறாவிட்டால் வேலை போகும். இந்த முறை பாதுகாப்பாக நிற்பவர் தகுதித் தேர்வு எழுதித் தேறிவிட்டு உள்ளே வந்த இளையவர். இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்திய மூத்தவர்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. மூத்தவர்களுக்காக வட்டாரக் கூட்டத்தில் தீர்மானம் போட, சென்னைக்குப் பஸ் ஏற, இளையவர்கள் வருவார்களா என்பதை அந்தந்த ஒன்றியத்தில்தான் பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் மதிய இடைவேளையில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றிய தேர்வுப் பாடங்களை மூத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, நாலு வருடம் முன்பு சேர்ந்த ஆசிரியைதான்.